27 நாள் முழங்கால்: விம்பிள்டன் 2024-இல் காயங்களும் பட்டக் கணக்கும்

2024 ஜூன் 5-ஆம் தேதி பாரிஸில் நோவாக் ஜோகோவிச்சின் வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அப்போது அவருக்கு வயது 37. விம்பிள்டன் தொடங்க 26 நாள் இருந்தது. ஜூலை 2-ஆம் தேதி, அறுவை முடிந்த 27-ஆம் நாள், சென்டர் கோர்ட்டில் முதல் சுற்று ஆடினார். ஜூலை 14-இல் இறுதி ஆட்டத்தில் கார்லோஸ் அல்கராஸிடம் 2-6, 2-6, 6-7 என்று தோற்றார். ஆகஸ்ட் 4-இல், அறுவை முடிந்த 60-ஆம் நாள், அதே அல்கராஸைத் தோற்கடித்து ஒலிம்பிக் தங்கம் வாங்கினார்.

பெரிய போட்டிக்கு முன்பு வரும் காயச் செய்திகளை எப்படி எடைபோடுவது என்பதற்கு இந்த அறுபது நாட்களைவிடப் பொருத்தமான பாடம் டென்னிஸில் அண்மையில் இல்லை. செய்தி வந்ததும் எல்லாரும் கேட்பது ‘ஆடுவாரா, மாட்டாரா’ என்பதைத்தான். பட்டம் யாருக்கு என்று கணிக்க அந்தக் கேள்வி அதிகம் உதவாது. எந்தத் திசு அடிபட்டது, எத்தனை நாள் ஆயிற்று, ஆட்டத்தின் எந்த அசைவில் அந்தத் திசு சுமை தாங்குகிறது, அந்த அசைவைச் செய்ய வைக்கும் எதிராளி டிராவில் (யார் யாரோடு மோதுவது என்று குலுக்கலில் அமையும் பட்டியலில்) எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்ற நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் தெளிவாகும்.

பாரிஸில் நடந்தது

முழங்கால் ஒரே சறுக்கலில் போய்விடவில்லை. பிரெஞ்சு ஓப்பனுக்கு முந்தைய சில வாரங்களாகவே வலது முழங்காலில் லேசான தொந்தரவு இருந்தது என்று ஜோகோவிச்சே சொன்னார். மூன்றாவது சுற்றில் லொரென்ஸோ முசெட்டியோடு ஐந்து செட் ஆடி முடித்தபோது ஞாயிறு அதிகாலை 3.07 மணி. பிரெஞ்சு ஓப்பன் நடக்கும் ரோலான் காரோஸ் வரலாற்றில் அவ்வளவு தாமதமாக முடிந்த ஆட்டம் வேறு இல்லை. விளக்கணைந்து, உடல் சூடு ஆறி, சாப்பிட்டு, மசாஜ் முடித்துப் படுக்கும்போது விடிந்திருக்கும். அடுத்த ஆட்டம் திங்கட்கிழமை பகலில்.

அந்த ஆட்டத்தில்தான், ஃபிரான்சிஸ்கோ செருண்டோலோவுக்கு எதிரான இரண்டாவது செட்டில், கால் வழுக்கி முழங்கால் திருகிக்கொண்டது. கோர்ட்டின் மேல்மண்ணை அடிக்கடி பெருக்கிச் சமன்படுத்தவில்லை என்று நடுவரிடம் சண்டை போட்டார். மருத்துவ இடைவேளை எடுத்தார், மாத்திரை போட்டுக்கொண்டார். நான்காவது செட்டில் 2-4 என்று பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு 6-1, 5-7, 3-6, 7-5, 6-3 என வென்றார். ஆடிய நேரம் 4 மணி 39 நிமிடம். கிராண்ட் ஸ்லாம்களில் அவருக்கு அது 370-ஆவது வெற்றி. ஃபெடரரின் 369-ஐத் தாண்டியது அன்றுதான். மறுநாள் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். உள்பக்க மெனிஸ்கஸ், அதாவது மூட்டில் சுமை தாங்கும் குருத்தெலும்புப் பட்டை, கிழிந்திருந்தது. காலிறுதி ஆடாமலே காஸ்பர் ரூட் அரையிறுதிக்குப் போனார். உலகத் தரவரிசை முதலிடம் ஜூன் 10-ஆம் தேதி யானிக் சின்னருக்குக் கைமாறியது.

அழற்சி அடக்கும் மாத்திரை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏற்கெனவே நைந்திருந்த திசு, ஒன்றரை நாள் ஓய்வு, சறுக்கல் என்று மூன்றும் சேர்ந்த பிறகு மாத்திரை வலியை மட்டும்தான் மறைக்கும். வலி தெரியாதபோது கால் தன்னைக் காத்துக்கொள்ளும் வேகமும் குறைகிறது. ஆட்டத்தை வென்று கொடுத்த மாத்திரையே கிழிசலை நீட்டியிருக்கவும் கூடும். எந்த விளையாட்டிலும் ‘வலியோடு ஆடி வென்றார்’ என்ற தலைப்பைப் பார்த்தால், மறுநாள் ஸ்கேன் முடிவு வரும்வரை அவருக்கு எந்த வாய்ப்பும் கணிக்கக் கூடாது.

வெட்டுவதா, தைப்பதா

முழங்காலில், தொடை எலும்புக்கும் கணைக்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் இரண்டு குருத்தெலும்புப் பட்டைகள் உண்டு. இவைதான் மெனிஸ்கஸ். உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. கால் நேராக இருக்கும்போது மூட்டில் இறங்கும் சுமையில் பாதிக்கு மேல் இவற்றின் வழியாகப் போகிறது. முழங்கால் 90 பாகை மடங்கும்போது 85 சதவீதம் வரை போகும். உள்பக்கப் பட்டை பக்கவாட்டுத் தசைநாரோடு ஒட்டியிருப்பதால் அதிகம் நகராது. மடங்கிய காலைத் திருப்பினால் அது நசுங்கிக் கிழிவதற்கு அதுவே காரணம்.

ரத்த ஓட்டம் வெளிவிளிம்பின் மூன்றில் ஒரு பங்கில் மட்டும்தான். அங்கே கிழிந்தால் தைக்கலாம், ஒட்டும். உள்விளிம்பில் கிழிந்தால் ரத்தம் வராது, ஒட்டாது. தொங்கும் துண்டை நறுக்கி ஓரத்தைச் சீராக்குவார்கள். இரண்டு சிறு துளை, ஒன்றில் கேமரா, ஒன்றில் கருவி. பெரும்பாலும் அன்றே ஊன்றி நடக்கலாம்.

இந்த இரண்டுக்கும் உள்ள கால வேறுபாடுதான் முழுக் கதையும். தைத்தால் நான்கு முதல் ஆறு வாரம் மடக்கும் கோணத்துக்கே கட்டுப்பாடு உண்டு. போட்டிக்குத் திரும்ப நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். நறுக்கினால் மூன்று முதல் ஆறு வாரத்தில் ஆட்டத்துக்கு வரலாம். ஆனால் போன துண்டு திரும்ப வளராது, அது தாங்கிய சுமை எலும்பு முனையின் குருத்தெலும்பு மீது ஏறும். 25 வயது ஆட்டக்காரருக்கு, தைக்க முடிந்தால், நல்ல மருத்துவர் தைக்கத்தான் சொல்வார். 37 வயதில் ஒரு விம்பிள்டனும் ஓர் ஒலிம்பிக்ஸும் இரண்டு மாதத்துக்குள் இருக்கும்போது கணக்கு மாறும். ஜோகோவிச் நான்கு வாரத்தில் ஆடியதைப் பார்த்தால் தையல் போடவில்லை என்பது தெளிவு. உள்பக்கம் என்பதும் அவருக்கு அனுகூலமானது. வெளிப்பக்க மெனிஸ்கஸை நறுக்கினால் மூட்டு அமைதியடைய அதிக காலம் எடுக்கும், குருத்தெலும்பு சேதமாகும் ஆபத்தும் கூடுதல்.

ஆகவே ‘மெனிஸ்கஸ் அறுவை’ என்று மட்டும் செய்தி வந்தால் அதில் பாதித் தகவல்தான் இருக்கிறது. உள்பக்கமா வெளிப்பக்கமா, நறுக்கினார்களா தைத்தார்களா என்ற இரண்டு விவரத்தையும் தேட வேண்டும்.

முன்மாதிரிகள் இரண்டு இருந்தன. டெய்லர் ஃப்ரிட்ஸ் 2021 பிரெஞ்சு ஓப்பனில் டொமினிக் கோப்ஃபரிடம் தோற்ற ஆட்டத்தில் காயம்பட்டுச் சக்கர நாற்காலியில் வெளியேறினார். மெனிஸ்கஸ் அறுவை முடிந்து ஏறக்குறைய மூன்றே வாரத்தில் விம்பிள்டன் ஆடி மூன்றாவது சுற்று வரை போனார். ஜோகோவிச் அறுவைக்குப் பிறகு ஃப்ரிட்ஸிடமும் முழங்கால் அனுபவம் உள்ள வாவ்ரிங்காவிடமும் பேசினார். இன்னொரு முன்மாதிரி ஃபெடரர். 2016 பிப்ரவரியில் இடது முழங்கால் மெனிஸ்கஸ் அறுவை, ஏப்ரலில் மான்டி கார்லோவில் மறுவருகை, விம்பிள்டன் அரையிறுதியில் ரானிச்சோடு ஆடும்போது குப்புற விழுந்தார், அந்த மாதக் கடைசியில் மீதி ஆண்டு முழுவதையும் கைவிட்டார். அவருக்கு அப்போது ஏறக்குறைய 35 வயது. ஃப்ரிட்ஸுக்கு 2021-இல் 23. மறுவருகை தேதியை வைத்து மட்டும் ஒப்பிடுகிறவர்கள் இந்த வயது இடைவெளியைத் தவறவிடுகிறார்கள்.

26 நாளில் என்ன செய்ய முடியும்

உள்பக்க மெனிஸ்கஸை நறுக்கிய ஓர் ஆட்டக்காரருக்குப் பொதுவாக நடக்கும் பயிற்சி வரிசை இது.

முதல் மூன்று, நான்கு நாள் வேலை வீக்கத்தை இறக்குவது, காலை முழுதாக நீட்ட வைப்பது, தொடை முன்தசையை எழுப்புவது. மூட்டுக்குள் 20 முதல் 30 மில்லி நீர் கோத்தாலே தொடையின் உள்பக்க முன்தசை மந்தமாகிவிடும். ஆட்டக்காரர் எவ்வளவு மனவலிமை உள்ளவராக இருந்தாலும் நரம்பு அந்தத் தசைக்குக் கட்டளை அனுப்பாது. இங்கே அவசரப்பட்டால் அடுத்த மூன்று வாரமும் வீண். முதல் வாரம் முடிவதற்குள் சுமையில்லாத சைக்கிள், தண்ணீருக்குள் நடை. இரண்டாவது வாரம் இரண்டு காலில் ஸ்குவாட், பிறகு ஒற்றைக்காலில், படியேறுதல், உடல் எடையைக் குறைத்துத் தரும் டிரெட்மில்லில் மெல்லோட்டம். நின்ற இடத்தில் பந்தடிப்பதும் இங்கேயே தொடங்கலாம். கைக்கு ஒன்றும் ஆகவில்லையே. மூன்றாவது வாரம் நேர்கோட்டு ஓட்டம், கோர்ட்டில் கூடை கூடையாகப் பந்து, முன்பே சொல்லிவைத்த பக்கத்துக்கு நகர்தல். நான்காவது வாரத்தில்தான் எதிர்பாராத பக்கத்துக்குப் பாய்ந்து, நின்று, திரும்புவது.

ஒவ்வொரு படியிலும் தீர்ப்புச் சொல்வது மறுநாள் காலை முழங்கால்தான். பயிற்சியின்போது வலிக்கவில்லை என்பது பெரிய விஷயமல்ல. காலையில் முட்டிச்சில்லின் நடுவே நாடா வைத்து அளந்து, முந்தைய நாளைவிட ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தால் ஒரு படி இறங்க வேண்டும். அடிபட்ட காலின் தொடைபலம் மற்றதில் 90 சதவீதமாவது வர வேண்டும், ஒற்றைக்காலில் தாவும் தூரமும் அப்படியே. ஸ்டீராய்டு ஊசி போட்டு நாளைக் குறைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2022-இல் இருந்து போட்டிக் காலத்தில் குளுக்கோகார்ட்டிகாய்டு ஊசி எந்த வழியில் போட்டாலும் தடை. மூட்டு ஊசியென்றால் பெரும்பாலானவற்றுக்கு மூன்று நாளும், டிரையாம்சினலோன் போன்றவற்றுக்குப் பத்து நாளும் இடைவெளி விட வேண்டும். அதோடு, புதிதாக நறுக்கிய மூட்டில் ஊசி போட எந்த மருத்துவரும் தயங்குவார்.

இந்த வரிசையில் இல்லாத ஒன்று இருக்கிறது: ஆட்டப் பழக்கம். ஐந்து செட் ஆடும் கால் ஐந்து செட் ஆடித்தான் வரும். 26 நாளில் அதற்கு இடமில்லை. போதாக்குறைக்கு அந்த ஆண்டு விம்பிள்டனுக்கு முன்பு ஜோகோவிச் ஓர் இறுதி ஆட்டம்கூட எட்டியிருக்கவில்லை.

புல்தரை அவருக்கு உதவியதா, கெடுத்ததா என்பதில் இரண்டு பக்கமும் உண்மை உண்டு. புள்ளிகள் சீக்கிரம் முடியும், சர்வ் நன்றாக விழுந்தால் ஓட்டமே குறையும். ஆனால் பந்து தாழ்வாக எழும்பும். ஒவ்வொரு அடிக்கும் முழங்காலை மடக்கிக் கீழே போக வேண்டும். மடங்கிய கோணத்தில்தான் மெனிஸ்கஸின் பின்பகுதிக்கு அதிக அழுத்தம். முதல் மூன்று நாள் புல் பச்சையாக, ஈரப்பசையோடு இருக்கும். கூரை மூடினால் இன்னும் மோசம். 2021-இல் மூடிய கூரைக்குக் கீழே ஒரே நாளில் ஃபெடரரோடு ஆடிய மன்னரினோவும், அடுத்து செரீனா வில்லியம்ஸும் சென்டர் கோர்ட்டில் சறுக்கி விழுந்து வெளியேறினார்கள். இரண்டாவது வாரம் பேஸ்லைன் ஓரம் மண் தெரிந்து பிடிப்பு கூடும். நெட் அருகே மட்டும் பச்சை அப்படியே இருக்கும்.

வலது கை ஆட்டக்காரருக்கு வலது முழங்கால் எங்கே வேலை செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சர்வில் அது பின்கால். மடங்கி உடலை மேலே தள்ளுவது அதன் வேலை. தரையிறங்குவது இடது காலில், ஆகவே சர்வ் அவ்வளவு ஆபத்தில்லை. உண்மையான சோதனை இரண்டு இடத்தில். ஃபோர்ஹேண்ட் பக்கம் அகலமாகப் போகும் பந்துக்கு ஓடி, வலது காலை ஊன்றி நின்று, அதே காலால் நடுவுக்குத் திரும்பத் தள்ளுவது ஒன்று. ஃபோர்ஹேண்ட் பக்கம் நெட்டை ஒட்டி விழும் டிராப் ஷாட்டுக்கு வலது காலை முன்வைத்துத் தாழ்வது இன்னொன்று. இந்த இரண்டு பந்தையும் உலகில் மிக நன்றாக அடிப்பவர் அல்கராஸ்.

டிராவில் நிகழ்ந்தது

ஜூன் 28, வெள்ளிக்கிழமை. காலையில் டிரா. அன்றே ஹர்லிங்ஹாம் கிளப்பில் மெத்வதேவோடு காட்சி ஆட்டம் ஆடி 6-3, 6-4 என்று வென்ற ஜோகோவிச், வலியில்லாமல் ஆடினேன் என்றார். இரண்டு மூன்று சுற்று ஆடிவிட்டுப் போக வரவில்லை, பட்டத்துக்குப் போட்டியிட முடிந்தால்தான் ஆடுவேன் என்பதும் அவர் லண்டனில் சொன்னது.

அவர் பெயர் டிராவில் இருந்ததே பட்டியலின் வடிவத்தை மாற்றிவிட்டது. போட்டிக்கான தரநிலை (சீடிங்) இப்படி: சின்னர் 1, ஜோகோவிச் 2, அல்கராஸ் 3, ஸ்வெரேவ் 4, மெத்வதேவ் 5. ஜோகோவிச் முன்பே விலகியிருந்தால் அல்கராஸ் இரண்டாம் இடத்துக்கு ஏறி, சின்னருக்கு எதிர்ப்பாதியில் போயிருப்பார். ஜோகோவிச் விலகாததால், குலுக்கலில் அல்கராஸ், சின்னர், மெத்வதேவ் மூவரும் மேற்பாதியில் குவிந்தார்கள். கீழ்ப்பாதியில் ஸ்வெரேவ், ஹர்காஷ், டி மினார், ரூனே. காயம்பட்ட ஓர் ஆட்டக்காரர் ‘ஆடுகிறேன்’ என்று சொன்ன ஒரு சொல்லால், முழு உடல்நலத்தோடு இருந்த இரண்டு பெரிய போட்டியாளர்கள் ஒருவரையொருவர் அரையிறுதியிலேயே சந்திக்க வேண்டிய நிலை வந்தது. கணிப்பு எழுதுபவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. காயச் செய்தி அந்த ஒருவரின் வாய்ப்பை மட்டும் தொடுவதில்லை, பட்டியல் முழுவதையும் தொடுகிறது.

பணக் கணக்கும் இதில் உண்டு. 2018 முதல் கிராண்ட் ஸ்லாம்களில், முதல் சுற்றுக்கு முன்பு வந்து விலகுபவருக்கு முதல் சுற்றுப் பரிசில் பாதி கிடைக்கும். மீதிப் பாதி அவரிடத்தில் வரும் ‘லக்கி லூசர்’ ஆட்டக்காரருக்கு, அதாவது தகுதிச் சுற்றில் தோற்றுக் காத்திருப்பவருக்கு. 2024 விம்பிள்டனில் முதல் சுற்றுத் தொகை 60,000 பவுண்டு, ஆகவே ஆளுக்கு 30,000. முன்பெல்லாம் நடக்க முடியாதவர்கூடக் கோர்ட்டுக்கு வந்து இருபது நிமிடம் நின்றுவிட்டுத் தொகையை வாங்கிப் போவார். பார்வையாளருக்கும் நஷ்டம், காத்திருக்கும் இளைஞருக்கும் நஷ்டம். இந்த விதி நியாயமானது. இதன் பக்கவிளைவாக, விலகல் செய்திகள் இப்போது டிரா முடிந்த பிறகே அதிகம் வருகின்றன. வெள்ளிக்கிழமை கணிப்பைத் திங்கள் மாலை வரை திறந்தே வைத்திருக்க வேண்டும்.

மற்ற காயங்கள்

அல்கராஸும் அந்த வசந்தத்தில் நோயாளிதான். முன்கையை உட்பக்கமாகத் திருப்பும் தசையில் காயம். மான்டி கார்லோ, பார்சிலோனா போட்டிகளை விட்டார், மாட்ரிட்டில் முன்கையில் உறை போட்டு ஆடி ரூப்லெவிடம் தோற்றார், ரோமையும் விட்டார். ஃபோர்ஹேண்டை முழு வேகத்தில் அடிக்கப் பயமாக இருக்கிறது என்று பாரிஸில் சொன்னவர், அங்கேயே பட்டம் வென்றார். இந்தத் தசைக்கு நல்ல குணம் ஒன்று உண்டு: ரத்த ஓட்டம் தாராளம். சுமையைக் குறைத்து நாள் கொடுத்தால் முழுதாகக் குணமாகும். மெனிஸ்கஸ் உள்விளிம்புக்கு இந்த வரம் இல்லை. லண்டன் குயின்ஸ் புல்தரைப் போட்டியில் டிரேப்பரிடம் அவர் தோற்றதைக் காயத்தோடு முடிச்சுப் போட்டவர்கள் உண்டு. பாரிஸ் இறுதி முடிந்து சில நாளில் புல்லுக்கு வந்தவர் தோற்பது இயல்பு.

சின்னருக்கு வலது இடுப்பு. மாட்ரிட் காலிறுதிக்கு முன் விலகி, ரோமையும் தவிர்த்து, பாரிஸில் அரையிறுதி ஆடி, ஹாலே புல்தரைப் பட்டத்தை வென்று வந்தார். காயத்துக்குப் பிறகு ஒரு முழுப் போட்டியை வென்று வருவதைவிட நம்பகமான அறிகுறி கிடையாது.

மகளிரில் அரினா சபலென்காவின் தோள்பட்டை வேறு பாடம் சொல்கிறது. பெர்லின் காலிறுதியில் பாதியில் நிறுத்தினார். டெரஸ் மேஜர் என்ற தசை. தோள்பட்டை எலும்பின் கீழ்விளிம்பிலிருந்து புஜத்துக்குப் போவது, மேலே தூக்கிய கையை வேகமாகக் கீழே இழுக்கும் தசைகளில் ஒன்று. ஃபோர்ஹேண்டும் பேக்ஹேண்டும் அடிக்க முடிகிறது, சர்வ்தான் முடியவில்லை என்றார். ஜூலை 1-ஆம் தேதி, முதல் நாளிலேயே, விலகினார். கேட்பதற்கு முழங்கால் அறுவையைவிடச் சின்னக் காயம். ஆனால் முழங்காலைப் புள்ளியைச் சுருக்கிக் காக்கலாம், வைட் பந்தை விட்டுக்கொடுக்கலாம். சர்வைத் தவிர்க்க வழியே இல்லை. தன் கேம் ஒவ்வொன்றிலும் குறைந்தது நான்கு முறை, தோளை முழுவீச்சில் சுழற்றியே ஆக வேண்டும். காயத்தின் பெயர் எவ்வளவு பயங்கரமாக ஒலிக்கிறது என்பது அளவுகோலாகாது. விலகியது சரியான முடிவு என்பதற்கு அந்த ஆண்டே அமெரிக்க ஓப்பன் அவர் கைக்கு வந்தது சாட்சி.

நடப்புச் சாம்பியன் வொண்ட்ரோஷோவா பெர்லினில் வழுக்கி இடுப்பில் அடிபட்டு வந்து முதல் சுற்றிலேயே போனார். அந்த ஆண்டின் முற்பகுதியில் முதுகுக் காயத்தால் அவதிப்பட்ட, 31-ஆம் தரநிலையில் இருந்த கிரெய்ச்சிகோவாதான் கடைசியில் கோப்பையைத் தூக்கினார். அவர் பெயரைக் கணிப்பில் எழுதியவர்கள் அரிது. ஆண்டி மர்ரேவுக்கு ஜூன் 22-இல் முதுகுத்தண்டு அருகே நீர்க்கட்டி அகற்றினார்கள். நரம்பு அழுத்தப்பட்டுக் காலுக்குக் கட்டளை சரியாகப் போகாத நிலை; பத்து நாளில் ஒற்றையர் என்பது நடக்காத காரியம். அண்ணன் ஜேமியோடு இரட்டையர் மட்டும் ஆடி விடைபெற்றார்.

இரண்டு வாரம்

முதல் சுற்றில் ஜோகோவிச் கோப்ரிவாவை 6-1, 6-2, 6-2 என்று முடித்தது முழங்காலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பந்தை அகலமாக அடித்து அவரை ஓடவைக்க அங்கே யாரும் இல்லை. இரண்டாம் சுற்றில் ஃபியர்ன்லி ஒரு செட் எடுத்தார், மூன்றாவதில் போபிரின் முதல் செட்டை எடுத்தார். இந்த இரண்டு ஆட்டங்களில்தான் கவனித்துப் பார்த்தவர்களுக்குத் துப்பு கிடைத்தது. சாம்பல் நிற முழங்கால் உறையோடு ஆடிய ஜோகோவிச், ஃபோர்ஹேண்ட் மூலைக்கு நீட்டிப் போகும் பந்துகளுக்கு முதல் எட்டு எடுத்து வைக்கத் தயங்கினார். முன்பு நீண்ட ரேலியில் வென்ற புள்ளிகளை நெட்டுக்கு ஓடிவந்து சுருக்கப் பார்த்தார். ரூனேவுக்கு எதிராக 6-3, 6-4, 6-2 என்று வந்தபோது அந்தத் தயக்கம் குறைந்தது தெரிந்தது.

அதற்குள் அவரைச் சுற்றிக் கீழ்ப்பாதியே கலைந்துகொண்டிருந்தது. ஏழாம் நிலை ஹர்காஷ் இரண்டாம் சுற்றில், நான்காவது செட் டை-பிரேக்கரில் (6-6 ஆனால் செட்டைத் தீர்மானிக்கும் கேமில்), பந்துக்குப் பாய்ந்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டு வெளியேறினார். ஸ்வெரேவ் மூன்றாம் சுற்றில் வழுக்கி முழங்காலில் அடிபட்டு, அடுத்த சுற்றில் ஃப்ரிட்ஸுக்கு எதிராக இரண்டு செட் முன்னிலை வைத்தும் தோற்றார். டி மினார், ஃபில்ஸுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசிச் சில புள்ளிகளில் பந்துக்குச் சறுக்கி ஓடியபோது இடுப்பில் சத்தம் கேட்டது. ஆட்டத்தை வென்றார், ஜோகோவிச்சோடான காலிறுதியை ஆடவில்லை.

போட்டிக்கு முன்பு ‘காயம்’ என்று எல்லாரும் பேசியது ஜோகோவிச்சைப் பற்றி. டிராவில் அவர் இருந்த நான்கில் ஒரு பங்கில் அவருக்கு அடுத்த இரண்டு பெரிய பெயர்கள், ஹர்காஷும் டி மினாரும், போட்டிக்குள் காயம்பட்டுப் போனார்கள். புல்தரைப் பருவம் இவ்வளவு குறுகியதாக இருக்கும்வரை இது தொடரும். பாரிஸ் இறுதிக்கும் விம்பிள்டனுக்கும் நடுவே மூன்றே வாரம். களிமண்ணில் சறுக்கி நிற்கப் பழகிய கால், புல்லில் சறுக்காமல் நிற்கப் பழக அது போதாது.

டி மினாரின் விலகல் ஜோகோவிச்சுக்கு ஒரு வெற்றியைவிடப் பெரிய கொடை. ஜூலை 8, திங்கள் இரவு ரூனே. அடுத்த ஆட்டம் ஜூலை 12, வெள்ளி. நடுவே மூன்று முழு நாள். ஒன்று விட்டு ஒரு நாள் சுமை ஏற்றிய மூட்டுக்கு, அறுவை முடிந்து ஐந்தாவது வாரத்தில், வீக்கம் வடிய அந்த மூன்று நாள் கிடைத்தது. முசெட்டியை 6-4, 7-6, 6-4 என்று வென்று, அந்த ஆண்டின் முதல் இறுதி ஆட்டத்துக்குப் போனார்.

மேற்பாதியில் சின்னர் காலிறுதியில் மெத்வதேவிடம் ஐந்து செட்டில் விழுந்தார். மூன்றாவது செட்டில் தலைசுற்றி உள்ளே போய் வந்தார்; இடுப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அல்கராஸ் டியாஃபோவிடம் ஐந்து செட், ஹம்பேர், பால், மெத்வதேவ் மூவரிடமும் தலா நான்கு செட் ஆடி, பல ஆட்டங்களில் பின்தங்கி மீண்டு வந்தார். முன்கை ஒரு ஆட்டத்தில்கூட பேசுபொருளாகவில்லை.

இறுதி ஆட்டம்

முதல் கேமே எல்லாவற்றையும் காட்டியது. ஜோகோவிச் சர்வ், டியூஸ் (40-40 சமநிலை) மேல் டியூஸ், ஏறக்குறைய 14 நிமிடம், கடைசியில் அல்கராஸ் பிரேக் செய்தார், அதாவது எதிராளி சர்வ் செய்த கேமை வென்றார். நீண்ட கேமில் வழக்கமாக எதிராளியைக் களைக்க வைப்பவர் ஜோகோவிச். அன்று களைத்தது அவர். ஐம்பது முறைக்கு மேல் நெட்டுக்கு வந்தார், பாதிப் புள்ளிகளைத்தான் எடுத்தார். அல்கராஸ் அவர் காலடியில் பந்தைத் தாழ்வாகப் போட்டார், அல்லது ஓரம் பார்த்துத் தாண்டவிட்டார். தாழ்வாக வரும் வாலிக்கு (தரையில் படுமுன் அடிக்கும் பந்துக்கு) முழங்காலை முழுதாக மடக்க வேண்டும். மடக்காமல் இடுப்பை வளைத்து எடுத்த வாலிகள் ஆழமில்லாமல் நடுக்கோர்ட்டில் விழுந்தன.

மூன்றாவது செட்டில் 5-4, 40-0 என்று மூன்று சாம்பியன்ஷிப் புள்ளி கையில் இருந்தும் அல்கராஸ் தடுமாறி கேமை இழந்தார். டை-பிரேக்கரில் திரும்ப எடுத்தார். ஆட்டம் முடிய இரண்டரை மணி நேரம்கூட ஆகவில்லை.

தோல்வி முழுவதையும் முழங்கால் தலையில் கட்டுவது தவறு. அல்கராஸ் அன்று சர்வ் செய்த விதத்துக்கு முழு உடல்நலத்தோடு இருந்த யாரும் திணறியிருப்பார்கள். முந்தைய ஆண்டின் இறுதி ஆட்டத்திலும் அவர்தான் வென்றார். முழங்கால் விளைவித்த இழப்பு வலியில் இல்லை. பயிற்சி இல்லாமல் போன நான்கு வாரத்தில் இருந்தது. ஐந்து ஆட்டம் வரை அது மறைந்திருந்தது, ஏனென்றால் முதல் எட்டின் தாமதத்தைத் தண்டிக்கும் வேகம் அதற்கு முன் சந்தித்த எவரிடமும் இல்லை.

ஒலிம்பிக்ஸ்

மூன்று வாரத்துக்குள், காயம் நடந்த அதே ரோலான் காரோஸ் களிமண்ணில், காலிறுதியில் சிட்சிபாஸுக்கு எதிராக அதே முழங்கால் மறுபடி வலித்தது. ஆட்டத்தை நிறுத்திச் சிகிச்சை எடுத்து 6-3, 7-6 என்று முடித்தார். இறுதியில் அல்கராஸுக்கு எதிராக 7-6, 7-6. இரண்டு செட்டிலும் ஒரு பிரேக்கூட இல்லை. லண்டனில் தாமதித்த அந்த முதல் எட்டு, ஃபோர்ஹேண்ட் மூலையில், இப்போது நேரத்துக்குப் போனது. இரண்டாவது டை-பிரேக்கரின் கடைசிப் புள்ளி ஓடியபடி குறுக்கே அடித்த ஃபோர்ஹேண்ட்.

இரண்டு இறுதியையும் நேரடியாகத் தராசில் வைக்க முடியாது. அங்கே ஐந்து செட் வரை போகும் ஆட்டம், இங்கே மூன்று செட் வரை. அங்கே புல், இங்கே களிமண். ஆனாலும் 39-ஆம் நாளுக்கும் 60-ஆம் நாளுக்கும் நடுவே காலில் ஏறிய பயிற்சியை இந்த வேறுபாடுகள் மறைத்துவிடவில்லை. விம்பிள்டன் ஆறு ஆட்டமும் ஒரு வகையில் ஒலிம்பிக்ஸுக்கான மறுவாழ்வுப் பயிற்சியாக அமைந்தன. ஜூலை 2-இல் ஆடாமல் ஓய்வெடுத்திருந்தால் ஆகஸ்ட் 4-இல் அந்தக் கால் தயாராக இருந்திருக்குமா என்பது ஐயம்தான்.